ஸ்பியரில் ஈகிள்ஸ்: ஐம்பதைத் தாண்டிய காதுக்கும் முழங்காலுக்கும் ஒரு ராக் கச்சேரி

அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸின் டான் ஹென்லி, ஜோ வால்ஷ், டிமோதி பி. ஷ்மிட் மூவரும் 1947-ல் பிறந்தவர்கள். சுதந்திர இந்தியாவின் வயதுதான் அவர்களுக்கும். 2024 செப்டம்பர் 20 அன்று லாஸ் வேகாஸின் கோள வடிவ ஸ்பியர் அரங்கில் அவர்கள் தொடங்கிய தொடர் கச்சேரி வெள்ளி, சனி என்று வாரக் கடைசியில் மட்டுமே நடந்தது. தேதி சேர்க்கச் சேர்க்க டிக்கெட் போய்க்கொண்டே இருந்ததால் அடுத்த ஆண்டுக்கும் நீண்டது. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள்.

இந்த வயதுக்காரர்கள் பழைய ராக் குழுக்களைத் தேடிப் போனால் ‘மலரும் நினைவுகள்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதிக் காரணம்தான். மனதில் நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு, ரெக்கார்டில் இருந்தபடியே, ஒரு சங்கதி பிசகாமல் எதிரில் ஒலிக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அதைக் கேட்கிற இரண்டு மணி நேரத்தில் இடுப்பும் காதும் பாடுபடக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகத் தருவதில் இந்தக் கச்சேரிக்கு இணையாக இப்போதைக்கு எதுவும் இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு. ஆனால் தப்பான இருக்கை வாங்கினால் பாதிப் பணம் வீண். அதனால்தான் கீழே இருக்கையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறோம்.

முதலில் நினைவு. ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை, பிறகு நடந்தவற்றைவிட அடர்த்தியாக மனதில் தங்குகின்றன என்பது உளவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. அந்த வயதில் கேட்ட பாட்டும் அப்படியே. ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ ஆல்பம், அதே பெயர் கொண்ட பாட்டோடு, 1976 டிசம்பரில் வந்தது. அப்போது பதினைந்து வயதில் இருந்தவருக்கு 2024-ல் அறுபத்து மூன்று. 1980-ல் பிரிந்த குழு பதினான்கு வருடம் கழித்து, 1994-ல் மறுபடி சேர்ந்தது. அந்தப் பாட்டை எம்டிவிக்காக அப்போது வாசித்த, நைலான் தந்தி கித்தாரும் காங்கா மேளமுமாகத் தொடங்கும் வடிவம்தான் கேபிள் டிவி வந்த புதிதில் நம் ஊர்ப் பையன்களின் காதில் விழுந்தது. அவர்களுக்கு இன்று ஐம்பது. ஒரே பாட்டுக்கு இரண்டு தலைமுறை, இரண்டு வேறு முகப்பிசை. ஸ்பியரில் ஒலிப்பது 1976 வடிவம். நைலான் கித்தாரை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

அந்தப் பாட்டையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கச்சேரி அதில்தான் தொடங்குகிறது. வழக்கமாகக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கும் பாட்டை முதலில் வைத்ததால், தாமதமாக வருகிறவர்கள் எதற்காக வந்தார்களோ அதையே இழக்கிறார்கள். டிக்கெட்டில் 8:30 என்றிருந்தால் 8:15-க்கு இருக்கையில் இருக்க வேண்டும். முன்னால் பாடும் துணைக் குழு கிடையாது, இடைவேளையும் கிடையாது.

பாட்டு பி மைனர் சுருதியில். கல்லூரி விடுதியில் கித்தார் கற்ற எவருக்கும் ஒரே விரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் அந்தப் பி மைனர் பார் கார்டு ஆள்காட்டி விரலைப் படுத்திய பாடு மறந்திருக்காது. குழுவின் அந்நாள் கித்தார் கலைஞர் டான் ஃபெல்டர் இதற்கு முதலில் மெட்டுப் போட்டது ஈ மைனரில். ஹென்லியின் குரலுக்கு அது ஒத்துவராமல் பி மைனருக்கு மாற்றினார்கள். அதனால்தான் முகப்பில் வரும் பன்னிரண்டு தந்தி கித்தாரில் ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது தந்திகளை ஒருசேர அழுத்தும் கவ்வி. ஈ மைனர் விரலமைப்பிலேயே பி மைனர் ஒலிக்கும், திறந்த தந்திகளின் கணீரென்ற நாதமும் போகாது. கேப்போ இல்லாமல் பார் கார்டில் வாசித்தால் சுருதி சரியாக இருக்கும், அந்த மினுமினுப்பு இருக்காது. வீட்டில் வாசிக்கும்போது ‘ரெக்கார்டு மாதிரி இல்லையே’ என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். மேடையில் இன்னொரு சிக்கல்: முகப்புக்குப் பன்னிரண்டு தந்தி, முடிவில் வரும் சோலோவுக்கு, அதாவது தனி வாசிப்புக்கு, ஆறு தந்தி எலெக்ட்ரிக். நடுவில் கித்தார் மாற்ற நேரமில்லை. ஃபெல்டர் அந்தக் காலத்தில் இரட்டைக் கழுத்து கிப்சன் கித்தாரை மாட்டிக்கொண்டதன் காரணம் அதுவே. மேல் கழுத்தில் கேப்போ, கீழ்க் கழுத்து சோலோவுக்கு.

கடைசியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும் சோலோவில் இரண்டு கித்தார்கள் முதலில் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன, பிறகு ஒன்றோடொன்று இணைந்து படிப்படியாக இறங்குகின்றன. 1976-ல் மயாமியில் பதிவு செய்தபோது ஃபெல்டரும் வால்ஷும் அந்த இடத்தில் புதிதாக வாசிக்க முனைந்தார்கள். டெமோ கேசட்டில் இருந்தபடியே வேண்டும் என்று ஹென்லி நின்றார். கேசட்டோ கலிஃபோர்னியாவில் ஃபெல்டரின் வீட்டில் இருந்தது. வீட்டு வேலை செய்பவரைக் கூப்பிட்டு, கேசட்டைப் போட்டு ஃபோனை அருகில் பிடிக்கச் சொல்லி, தன் சோலோவைத் தானே கேட்டுக் கற்றுக்கொண்டார் ஃபெல்டர். இந்தக் குழுவின் குணமே அதுதான். மெல்லிசைக் கச்சேரியில் இடையிசை ஒரு ஸ்வரம் மாறினாலும் முகம் சுளிக்கும் ரசிகருக்கு இவர்கள் நெருங்கிய சொந்தம். மனோதர்மம் தேடுகிறவர்கள் வேறு குழுவிடம் போக வேண்டும்.

ஃபெல்டர் 2001-ல் நீக்கப்பட்டார். அவர் இடத்தைப் பல ஆண்டுகள் நிரப்பிய ஸ்டூவர்ட் ஸ்மித் உடல்நலம் காரணமாக 2025-ல் விலக, கிறிஸ் ஹோல்ட் வந்தார். ஆள் மாறியும் சோலோ மாறவில்லை. ஆளுக்காகப் போகிறவருக்கு இது குறை. பாட்டுக்காகப் போகிறவருக்கு இதைவிட நிம்மதி இல்லை.

குரல் விஷயம் கித்தாரைவிடக் கடினம். தந்தி தேய்ந்தால் மாற்றலாம், குரல்நாணை மாற்ற முடியாது. எழுபதைத் தாண்டும்போது குரல்நாண்களின் நெகிழ்வு குறைகிறது, மேல் ஸ்தாயி சுருங்குகிறது, ஒரே மூச்சில் இழுத்த வரி இரண்டாக உடைகிறது. இதற்குக் குழுக்கள் பொதுவாக மூன்று வழிகளைப் பிடிக்கின்றன. அரைக் கட்டையோ ஒரு கட்டையோ சுருதியை இறக்குவார்கள். உச்ச வரியைக் கூட்டத்தைப் பாடச் சொல்லி மைக்கை நீட்டுவார்கள். அல்லது அந்த வரியை இளைய குரலுக்குக் கொடுப்பார்கள். இரண்டாவது வழி மலிவானது. ஒரு பாட்டில் என்றால் பொறுக்கலாம், பாட்டுக்குப் பாட்டு வந்தால் கொடுத்த காசு உறுத்தும். மூன்றாவதுதான் நேர்மையான வழி, ஈகிள்ஸ் பிடித்திருப்பதும் அதுவே.

‘டேக் இட் டு தி லிமிட்’ பாட்டின் கடைசியில் வரும் உச்ச ஸ்வரம் குழுவின் அந்நாள் பேஸ் கித்தார் கலைஞர் ராண்டி மைஸ்னருடையது. 1977-ல் நாக்ஸ்வில் நகரில் உடம்பு சரியில்லாத நிலையில் அதைப் பாட மறுத்து, குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளென் ஃப்ரையோடு மேடைக்குப் பின்னால் கைகலப்பாகி, அந்த ஆண்டே குழுவைவிட்டு விலகினார். மைஸ்னரைக் குழுவிலிருந்து பிரித்த அந்த ஸ்வரத்தை இன்று தொடுகிறவர் வின்ஸ் கில். 1957-ல் பிறந்தவர், கன்ட்ரி இசையில் தனிப் பெயர் பெற்றவர். அவர் அதைக் கத்திப் பிடிப்பதில்லை, மென்மையாக ஏறி அங்கே நின்று காட்டுகிறார். இந்தக் கச்சேரியில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அது.

2016 ஜனவரி 18 அன்று காலமான கிளென் ஃப்ரையின் பாட்டுகளை அவருடைய மகன் டீக்கன் ஃப்ரை பாடுகிறார். அப்பாவைக் காப்பி அடிக்கும் முயற்சி இல்லாமலேயே அந்தச் சாயல் குரலில் வந்துவிடுகிறது. அப்பா அம்மாவை இழந்த வயதில் இருக்கும் கூட்டத்துக்கு அது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஷ்மிட்டின் மெல்லிய குரல் அதிசயமாக அப்படியே இருக்கிறது. ஹென்லியின் கரகரப்பு கூடியிருக்கிறது. ‘டெஸ்பராடோ’வில் அந்தக் கரகரப்பு பாட்டுக்கு நல்லதே செய்கிறது, 25 வயதில் பாடியபோது வராத எடை இப்போது இருக்கிறது. பெரும்பாலான பாட்டுகளுக்கு ட்ரம்ஸ் வாசிப்பவர் ஸ்காட் கிராகோ. ஹென்லி எல்லாப் பாட்டுக்கும் ட்ரம்ஸில் உட்காருவார் என்று எண்ணிப் போக வேண்டாம்.

இனி அரங்கம். ஸ்பியர் 2023 செப்டம்பர் 29 அன்று யூ2 குழுவோடு திறந்தது. உயரம் 366 அடி, அகலம் 516 அடி, இருக்கைகள் சுமார் 18,600. உள்ளே தலைக்கு மேல் வரை வளைந்து வரும் எல்.இ.டி. திரையின் பரப்பு 1,60,000 சதுர அடி. பேச்செல்லாம் திரையைப் பற்றித்தான், ஆனால் நடுவயதுக்காரருக்கு உண்மையான லாபம் ஒலியில். ஸ்பீக்கர்கள் அந்தத் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன, எண்ணிக்கையில் 1,60,000-க்கும் மேல். ஒவ்வொரு பகுதிக்கும் ஒலியைக் கற்றையாகக் குவித்து அனுப்பும் அமைப்பு அது.

இது ஏன் முக்கியம்? ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும். ஸ்டேடியத்தில் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ட்ரம்மில் குச்சி விழுவதைப் பார்த்து கிட்டத்தட்ட 0.3 விநாடி கழித்தே சத்தம் வரும். நடுவில் கோபுரம் வைத்து ஸ்பீக்கர் மாட்டுவார்கள், அது ஒரு சத்தம், சுவரில் மோதித் திரும்புவது இன்னொரு சத்தம். இருபது வயதுக் காது இந்தக் குழப்பத்திலிருந்து வார்த்தையைப் பிரித்தெடுத்துவிடும். வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர் அதிர்வெண். எஸ், எஃப், டி போன்ற மெய்யொலிகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால் ‘சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை’ என்ற நிலை. ஸ்பியரில் எதிரொலி மிகக் குறைவு, முன்வரிசைக்கும் மேல் அடுக்குக்கும் ஒலியின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு ஐந்து குரல்கள் சேரும் இடத்தில் ஒவ்வொன்றையும் தனியாகப் பிடித்துக்கொள்ள முடிகிறது. கூட்டுக் குரலையே உயிராக வைத்திருக்கும் ஒரு குழுவுக்கு இப்படி ஓர் அரங்கம் அமைந்தது நல்ல பொருத்தம்.

இருந்தாலும் இது ராக் கச்சேரி. அமெரிக்கப் பணியிட நலக் கணக்குப்படி 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். ஏற்கெனவே காதில் ரீங்காரம் உள்ளவர்கள் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் கொண்டுபோக வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற ஃபோம் அடைப்பான் உயர் ஒலியை அதிகமாகவும் தாழ்ந்த ஒலியைக் குறைவாகவும் வெட்டும், போர்வைக்குள் இருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். இசைக்கானது எல்லாவற்றையும் சமமாக 15 முதல் 20 டெசிபெல் வரை குறைக்கும், வார்த்தை கெடாது. போடும்போது மறு கையால் காதின் மேல் விளிம்பை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அடைப்பானைச் செருக வேண்டும். இழுக்காமல் செருகினால் பாதி வழியில் நின்று, இரண்டாவது பாட்டில் கழன்றுவிடும். முதல் பாட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். காது இரைந்த பிறகு போடுவதில் பயன் குறைவு.

இருக்கை. 100-ல் தொடங்கும் எண் கொண்ட கீழ் அடுக்குப் பிரிவுகளின் பின் வரிசைகளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். மேலே உள்ள அடுக்கு கூரை போல நீட்டிக்கொண்டிருப்பதால் திரையின் மேற்பகுதி மறைந்துவிடும். மேடை தெரியும், ஆனால் எதற்காக இந்த அரங்கத்துக்கு வந்தோமோ அது தெரியாது. டிக்கெட் தளத்தில் ‘பார்வை மறைவு’ என்று குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மறுவிற்பனைத் தளங்களில் இந்தக் குறிப்பு விடுபட வாய்ப்புண்டு. 100 பிரிவில் முன் வரிசைகள் பரவாயில்லை, முகம் தெரியும், ஆனால் திரையைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அடுத்த நாள் தெரியும். மேடைக்கு முன்னுள்ள தரைத் தளத்துக்கும் இதே பிரச்சினை.

சிறந்தது 200 அடுக்கின் நடுப்பகுதி, 206-ம் அதன் இருபக்கமும். அடுத்தது 300-ன் நடு, 306-ஐ ஒட்டி. அங்கிருந்து திரை முழுவதும் ஒரே பார்வையில் விழும், கழுத்தை அசைக்க வேண்டாம். ஆட்கள் சிறிதாகத் தெரிவார்கள், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 400-ல் ஒலி குறையாது, விலை குறையும், ஆனால் சரிவு செங்குத்து. எஸ்கலேட்டரும் லிஃப்டும் அடுக்கு வரைதான் கொண்டுபோகும், பிரிவுக்குள் நுழைந்த பிறகு வரிசைக்குப் படியேறவோ இறங்கவோ வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நுழைவாயிலுக்கு அருகான வரிசையாகவும் ஓரத்து இருக்கையாகவும் பார்த்து வாங்கலாம். இரண்டு மணி நேரம் இடைவேளை இல்லாமல் போகிறது என்பதால் கழிவறைக்கு எழ வேண்டியவர்களுக்கும் ஓரம்தான் வசதி.

தலைசுற்றல் இங்கே அடிக்கடி வரும் புகார். உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்க, கண் முழுக்க நிறைந்த காட்சி நகர்ந்தால், கண் சொல்வதும் உள்காது சொல்வதும் முரண்படும். காரின் பின் இருக்கையில் புத்தகம் படித்தால் வருகிற அதே குமட்டல். காட்சி வேகமாக நகரத் தொடங்கியதும் பார்வையை மேடைக்கு இறக்கி, அசையாத ஒரு பொருளில், ட்ரம்ஸில் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தினால் அரை நிமிடத்தில் அடங்கும். கண்ணை மூடிக்கொள்வதும் உதவும். வயிறு முட்டச் சாப்பிட்டும் குடித்தும் உள்ளே போவதுதான் இதைப் பெரிதாக்குகிறது. பாலைவனக் காற்றில் உடல் நீர் வற்றுவது தெரியாது, மாலையிலிருந்தே தண்ணீர் குடித்துவர வேண்டும்.

குறைகள் இருக்கின்றன. காட்சிகள் பாட்டோடு இணைத்துத் தயாரிக்கப்பட்டவை என்பதால் பாட்டு வரிசை பெரிதாக மாறுவதில்லை. ஒரு முறை பார்த்தவருக்கு இரண்டாம் முறை புதிதாக எதுவும் பெரிதாக இல்லை. இதே அரங்கில் 2024 கோடையில் 30 கச்சேரிகள் செய்த டெட் அண்ட் கம்பெனி என்ற ராக் குழு இரவுக்கிரவு வரிசையை மாற்றியது, அந்த ருசி வேண்டுபவர்களுக்கு ஈகிள்ஸ் இறுக்கமாகத் தோன்றும். சில காட்சிகள் வாழ்த்து அட்டைப் படம்போல அழகாக மட்டும் இருந்து, பாட்டுக்கு எதையும் சேர்ப்பதில்லை. ஹென்லி கூட்டத்தோடு அதிகம் பேசுகிறவர் இல்லை. சிரிப்பும் குறும்பும் வால்ஷ் முன்னால் வரும்போதுதான், ‘லைஃப்ஸ் பீன் குட்’ தொடங்கியதும் அரங்கத்தின் இறுக்கம் தளர்கிறது.

செலவு. முதலில் அறிவித்த ஆரம்ப விலை, கட்டணங்கள் சேர்த்து, 175 டாலர். நல்ல இருக்கைகள் அதைவிடப் பல மடங்கு. குழு ஊர் ஊராக வராமல் ரசிகர் விமானம் ஏறிப் போகிற ஏற்பாடு இது, ஆக ஹோட்டலும் பயணமும் டிக்கெட் விலையை மிஞ்சும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட, கையில் கொஞ்சம் பணமும் ஒரு வாரக் கடைசியும் கிடைக்கிற வயதுக்காரரை எண்ணியே இது போடப்பட்ட திட்டம். 2024-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு அமெரிக்காவில் நடத்திய சுற்றுப்பயணத்தின் விளம்பரதாரர், ஐம்பது தாண்டியவர்களுக்கான ஏ.ஏ.ஆர்.பி. அமைப்பு. யாரை நம்பி இந்தத் தொழில் நடக்கிறது என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. லண்டனில் 2022 மே முதல் நடக்கும், ஸ்வீடன் பாப் குழுவான ஆபாவின் ‘ஆபா வாயேஜ்’ கச்சேரியும் இதே கூட்டத்துக்கானதுதான், ஆனால் அங்கே மேடையில் இருப்பது டிஜிட்டல் உருவங்கள், பக்கவாத்தியம் மட்டும் நேரடி. அதில் குரல் தவறாது. ஈகிள்ஸில் தவறலாம். தவறக்கூடிய ஒரு ஸ்வரம் தவறாமல் வந்து நிற்கும்போது கிடைக்கிற சிலிர்ப்புக்காக எங்கள் ஓட்டு ஈகிள்ஸுக்கே.

போகிறவர்களுக்கு இன்னும் மூன்று விஷயம். டிக்கெட் ஃபோனில்தான் என்பதால் சார்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வேண்டும். முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவதால் படிகளில் நெரிசல். பத்து நிமிடம் உட்கார்ந்தே இருந்து, பிறகு வெனீஷியன் ஹோட்டலுக்குப் போகும் நடைபாலத்தைப் பிடித்து, அங்கிருந்து டாக்ஸி கூப்பிட்டால் அரங்க வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.